வம்புக்காரர் யார், வாடிக்கையாளர் யார்?

கேள்வியின் சுருக்கம் இது. சேலம் இளம்பிள்ளையிலிருந்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்கும் ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார். அவரும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் தொழில். ஒரு ரீல் நன்றாக ஓடிய பிறகு, வாங்காதவர்கள் எல்லாம் வந்து ‘ஏமாத்துக்காரி’ என்று எழுதுகிறார்கள். அவர் பேசும் விதத்தை ஒரு மீம் பேஜ் வெட்டிப் போட்டுக் கலாய்க்கிறது. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மடித்து அனுப்பிய சேலைக்கு ஒருவர் முழுப் பணம் கேட்கிறார். தராவிட்டால் கூகுள் ரிவ்யூவில் நாறடித்துவிடுவேன் என்கிறார். “எல்லாரையும் பிளாக் பண்ணிடலாமா? போலீசுக்குப் போகலாமா? கமென்ட்டையே மூடிடலாமா?”

ஒரு ஆன்லைன் கடையின் புகார்ப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது சிறு விற்பனையாளர்களுக்கு இந்த விஷயத்தில் யோசனை சொல்லி வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று பேரும் மூன்று வகை. மூன்று பேரையும் ‘ட்ரோல்’, அதாவது வம்புக்கென்றே வருபவர், என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய சேதம். உண்மையான ட்ரோலை வாடிக்கையாளர் என்று நம்பி மரியாதையாகப் பதில் சொன்னால் அரை மணி நேரம் வீண், அவ்வளவுதான். ஏமாந்துபோன வாடிக்கையாளரை ட்ரோல் என்று பிளாக் செய்தால், அவர் உங்களை விடமாட்டார்.

வம்புக்கென்றே வருபவர் எப்படிப்பட்டவர் என்று கொஞ்சம் பார்ப்போம். கனடாவில் எரின் பக்கெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இணையத்தில் கருத்து எழுதும்போது உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டதற்கு, ‘மற்றவர்களைச் சீண்டுவது’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் 5.6 சதவீதம். அடுத்தவர் படும் வேதனையில் சந்தோஷப்படும் குணம் இவர்களிடம் தூக்கலாக இருந்தது. இவர்களுக்கு உங்கள் சேலையும் வேண்டாம், பணமும் வேண்டாம். நீங்கள் பதறுவதைப் பார்க்க வேண்டும். “நான் அப்படிப்பட்டவ இல்லீங்க, பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்” என்று நீங்கள் எழுதும் நீளமான விளக்கம்தான் அவர்கள் தேடி வந்த சரக்கு.

ஆனால் 5.6 சதவீதம்தானே என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். கமென்ட் பகுதியைப் பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தானே தெரிகிறார்கள்? அதற்கு இன்னொரு ஆய்வு பதில் சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது. 667 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சுலபமான தேர்வு, சிலருக்குத் திணற வைக்கும் தேர்வு. முடிந்ததும் ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்குக் கண்ணில் பட்ட முதல் கருத்துகள் நாகரிகமானவை, சிலருக்கு வசைகள். நல்ல மனநிலையும் நாகரிகமான முன்கருத்தும் இருந்தவர்களில் 35 சதவீதம் பேர் வம்பாக எழுதினார்கள். மனநிலையும் கெட்டு, மேலே வசையும் இருந்தபோது அது 68 சதவீதம் ஆனது. அதாவது பெரும்பாலானவர்கள் வம்பர்களாகப் பிறக்கவில்லை. ஆபீசில் திட்டு வாங்கிவிட்டு, பஸ்சில் நின்றபடி போனைத் திறந்து, உங்கள் ரீலுக்குக் கீழே முதல் கமென்ட் ‘டூப்ளிகேட்’ என்று இருப்பதைப் பார்த்துத் தானும் ஒன்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் வேலை ஒன்று உண்டு. ரீல் போட்ட முதல் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் இருங்கள். மேலே நிற்கும் முதல் நாலைந்து கமென்ட்தான் மீதியை இழுத்துக்கொண்டு வரும். நிஜமாக வாங்கியவர் எழுதிய நல்ல கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லி அதை மேலே பின் செய்து வையுங்கள். “இது வேற ஆப்ல பாதி விலை” என்று ஒருவர் எழுதினால் அது வம்பு இல்லை, விலைச் சந்தேகம். துணி என்ன, நூல் என்ன, ஜரிகை என்ன என்று ஒரு வரியில் சொன்னால் போதும். “அங்கேயே போய் வாங்கிக்கோங்க” என்று எழுதினால்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

உண்மைப் பெயரில் மட்டுமே எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால் இதெல்லாம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். தென் கொரியா அதைச் செய்து பார்த்தது. பெரிய இணையதளங்களில் எழுத அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2007இல் கொண்டுவந்தார்கள். 2011இல் ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரம் திருடு போனது. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மீம் பேஜ் விஷயம். இதில் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தமிழர்களுக்குக் கலாய்ப்பது ரத்தத்தில் ஊறியது. 2019 மே மாதம் ஒரு பொறியியல் பேஜ் சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்’ என்று கேட்டது. நம் ஆள் ஒருவர் போய், இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று எழுத, வடிவேலு நடித்த அந்தப் பாத்திரத்துக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. யாரும் காயப்படாத கலாய்ப்பு அது. உங்கள் ‘அக்காமாரே, தங்கச்சிமாரே’ என்ற அழைப்பை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால், அதுவும் ஏறக்குறைய அந்த வகைதான். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தைரியம் இருந்தால் அடுத்த ரீலை அதே அழைப்போடு, கொஞ்சம் சிரித்துக்கொண்டே தொடங்குங்கள். அந்த மீம் பார்த்துச் சேலை கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். ஆனால் உடம்பை, சாதியை, குடும்பத்துப் பெண்களை இழுத்தால் அது கலாய்ப்பு என்ற கணக்கில் வராது. அதைப் பொறுத்துப் போக வேண்டியதில்லை, கீழே சொல்கிறேன்.

பழக்கப்பட்ட வம்பருக்கு பிளாக்கை விட நல்ல கருவி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. 2019இல் வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற வசதி. அதைப் போட்டுவிட்டால் அந்த ஆள் எழுதும் கமென்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்கள் அனுமதிக்காமல் வேறு யாருக்கும் தெரியாது. தடுக்கப்பட்டோம் என்ற தகவலும் அவருக்குப் போகாது. பிளாக் செய்தால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கொண்டாடுவார், வேறு ஐடியில் வருவார். ரெஸ்ட்ரிக்ட் செய்தால் ஆளில்லாத அறையில் கத்திவிட்டுப் போய்விடுவார். ‘மறைக்க வேண்டிய சொற்கள்’ பட்டியலும் உண்டு. அதில் நம்மவர்கள் செய்யும் தவறு, கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் போட்டு வைப்பது. திட்டுபவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், ஒரே வார்த்தைக்கு நாலு எழுத்துக்கூட்டு. உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கூச்சமான வேலைதான். ஒரே தடவை செய்தால் போதும். நாத்தனாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் கல்லூரி படிக்கும் பையன் யாரிடமாவது கொடுங்கள்; பட்டியல் முழுமையாக வரும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ‘வாங்காதவர்கள் எல்லாம் ஏமாத்துக்காரி என்கிறார்கள்’ என்றீர்கள். அவர்கள் வாங்கவில்லை என்பது எப்படித் தெரியும்? இன்ஸ்டாவில் ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் வேறு பெயர், பணம் அனுப்பியது கணவரின் ஜிபே, பார்சல் போனது அம்மா வீட்டு முகவரி. நம் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இப்படித்தான். ஆகவே பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். எழுதியதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிறம், பார்டர், தேதி, கூரியர், பிளவுஸ் பிட் என்று ஏதாவது ஒரு குறிப்பு இருந்தால் அவர் வாங்கியவர், அல்லது வாங்கியவருக்கு வேண்டியவர். வெறும் வசை மட்டும் இருந்தால்தான் மற்ற சந்தேகம்.

கொஞ்சம் கசப்பாக ஒன்று. உங்கள் ஊர்ச் சேலை ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் போகிறது. அதில் எது பட்டு நூல், எது ஆர்ட் சில்க் என்ற செயற்கைப் பட்டு, எது பாலியஸ்டர் கலந்தது என்று விற்பவருக்குத் தெரியும். திருநெல்வேலியிலோ துபாயிலோ இருந்து வாங்குபவருக்குத் தெரியாது. ‘சில்க்’ என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் அவர் பணம் அனுப்புகிறார். பார்சல் வந்ததும் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்த்து, முடி கருகும் வாசனைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உருகிக் குண்டாக நின்றால், அவர் எழுதும் ‘ஏமாத்துக்காரி’ என்பது ட்ரோல் ஆகுமா? தூய பட்டு என்றால் மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் நடக்கும் ‘சில்க் மார்க்’ முத்திரையைக் காட்டுங்கள். இல்லையென்றால் ‘பட்டு இல்லை, பட்டு போலப் பளபளக்கும் துணி’ என்று ரீலிலேயே வாயால் சொல்லுங்கள். நிறமும் அப்படித்தான். ரிங் லைட்டில் ராமர் பச்சையாகத் தெரிவது வீட்டு டியூப் லைட்டில் மயில் கழுத்து நிறமாகிவிடும். வாசலில் வெயிலில் எடுத்த ஒரு படத்தைக் கூடவே போட்டால், நிறத்தைப் பற்றிய புகார் நிறையக் குறைந்துவிடும்.

தவறு நடப்பதைக் கூட ஜனங்கள் மன்னிப்பார்கள். தவறு நடந்த பிறகு நடத்தும் விதத்தைத்தான் மன்னிப்பதில்லை. சேவைத் துறை ஆய்வுகளில் 1990லிருந்து இதைச் சொல்லி வருகிறார்கள்: முதல் தவறை விட, புகார் சொன்னபோது அதைக் கையாண்ட தவறுதான் மனிதரை வெகுண்டெழ வைக்கிறது. இதைவிடக் கூர்மையான ஒன்றை யானி கிரெகுவார் என்ற கனடா ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டினார்கள். கடையோடு நெருக்கமாக இருந்த வாடிக்கையாளர்தான், துரோகம் செய்துவிட்டார்கள் என்று தோன்றிவிட்டால், வஞ்சத்தை நீண்ட நாள் வைத்திருக்கிறார். புதிதாக வந்தவர் சீக்கிரம் மறந்துவிடுகிறார். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: அந்த நெருங்கிய வாடிக்கையாளர் சின்ன முயற்சிக்கே இறங்கி வருகிறார். முழுப் பணம் தர வேண்டும் என்பதுகூட இல்லை. ஆகவே உங்கள் பழைய ஆர்டர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திட்டுபவர்களில் மூன்று நாலு தடவை வாங்கியவர் யாராவது இருந்தால், இன்றைக்கே போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், போன். “அக்கா, நீங்க நம்மகிட்ட எத்தனை சேலை எடுத்திருக்கீங்க, உங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கு வருத்தமா இருக்கு, என்ன ஆச்சு சொல்லுங்க.” முதல் அஞ்சு நிமிடம் திட்டு விழும். இடைமறிக்காதீர்கள்.

பொதுவில் எழுதும் பதிலை யாருக்காக எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். திட்டியவருக்கு அதை எழுதுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அதைப் படிக்கப் போவது அடுத்த வாரம் உங்கள் கடையில் வாங்கலாமா என்று யோசிக்கும் மூன்றாவது ஆள். அவருக்கு யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியமில்லை. ‘நாளைக்கு எனக்குப் பிரச்சினை வந்தால் இவர்கள் எப்படிப் பேசுவார்கள்’ என்பதைத்தான் அவர் பார்க்கிறார். “நீங்க எங்ககிட்ட வாங்கவே இல்ல, பொய் சொல்லாதீங்க, தைரியம் இருந்தா நேர்ல வாங்க” என்ற பதில் நூறு சதவீதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த மூன்றாவது ஆள் ஓடிவிடுவார். அதே விஷயத்தை, “வணக்கம். இந்தப் பெயரில் எங்களிடம் ஆர்டர் பதிவாகவில்லை. வேறு பெயரில் வாங்கியிருந்தால் ஆர்டர் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இன்றே பார்த்துச் சொல்கிறோம்” என்று எழுதிப் பாருங்கள். வம்பர் என்றால் அடுத்து அவரிடம் சொல்ல எதுவும் இருக்காது. வாங்கியவர் என்றால் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுவார். இரண்டில் எதுவாக இருந்தாலும், படிப்பவருக்கு உங்கள் கடை ஒழுங்கான கடையாகத் தெரியும். ஒரு தடவை பதில் போதும். திரும்பவும் எழுதினால் திரும்பவும் பதில் எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் பேச்சை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, போன் நம்பரும் முகவரியும் தெரிய ஸ்டோரியில் போடுவது. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து அவர் பாதிக்கப்பட்டவர், நீங்கள் குற்றவாளி. அவர் பெண்ணாக இருந்துவிட்டால் அன்றிரவே முகம் தெரியாதவர்களின் அழைப்புகள் அவருக்குப் போகத் தொடங்கும். அதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

கட்டிய சேலையைத் திருப்பி அனுப்பியவர். வாடிக்கையாளர் செய்யும் அக்கிரமங்களில் மிகப் பழையது இது. லண்டனிலும் நடக்கிறது. ஏசாஸ் என்ற பிரிட்டிஷ் ஆடை நிறுவனம் 2019இல் திருப்பி அனுப்பும் கெடுவை 45 நாளாக நீட்டியபோதே, உடுத்திவிட்டு அனுப்புவதை வழக்கமாக வைத்திருப்பவர்களின் கணக்கை முடக்குவோம் என்றும் அறிவித்தது. பெரிய நிறுவனத்திடம் கணக்கு இருக்கிறது, தரவு இருக்கிறது. உங்களிடம் இருப்பது சேலை மட்டும். அதைப் பாருங்கள். ஃபால்ஸ் அடித்துப் பிரித்த ஊசித் தடம், கொசுவ மடிப்பு, இடுப்புப் பகுதியில் பின் குத்திய ஓட்டை, அக்குள் பக்கம் பவுடர் வாசனை. படம் எடுத்து, அமைதியாக, குற்றம் சாட்டும் சொல் இல்லாமல் அனுப்புங்கள்: “சேலை உடுத்தப்பட்ட நிலையில் வந்திருக்கிறது, படம் இணைத்துள்ளோம், அதனால் பணம் திருப்பித் தர இயலவில்லை, சேலையை உங்களுக்கே அனுப்பி வைக்கிறோம்.” கூரியர் செலவு உங்களுடையதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நீதிமன்றம் வரை போனாலும் நிற்கும் கடிதம் அது.

அடுத்த தடவை இது நடக்காமல் இருக்க இரண்டு ஏற்பாடு. ஒன்று, முந்தானையின் வெளிப்பக்கம், மறைத்துக் கட்ட முடியாத இடத்தில், அறுக்காமல் கழற்ற முடியாத ஒரு டேக். டேக் இருந்தால்தான் ரிட்டர்ன் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரண்டு, நீங்கள் பார்சல் கட்டுவதை வீடியோ எடுப்பது. சேலையை முழுக்க விரித்துக் காட்டி, ஆர்டர் எண் எழுதிய தாளை உள்ளே வைத்து, ஒட்டி, எடை மெஷினில் வைக்கும் வரை வெட்டாத ஒரே வீடியோ. வேறு பழைய சேலையை உள்ளே வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. கூரியர் ரசீதில் இருக்கும் எடை அங்கே பேசும்.

‘அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது’ என்று எல்லாரும் போடுகிறார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். வீடியோ கேட்பதில் தவறில்லை. ஆனால் அது கேடயம் ஆகாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், குறையுள்ளதை, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததை எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. இன்ஸ்டாவில் தொழிலாகவே விற்பவருக்கும் இது பொருந்தும். கிழிந்த சேலை ஒருவருக்குப் போய்விட்டது, அவர் வீடியோ எடுக்கவில்லை, அதனால் பணம் இல்லை என்று நீங்கள் நின்றால், அவர் 1915க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுப்பார். அந்த இடத்தில் அவர் வம்பர் இல்லை.

மிரட்டலுக்கு வருவோம். “பணம் தராவிட்டால் ரிவ்யூ போடுவேன்” என்பதில் இரண்டு விதம். பொருளில் குறை இருந்து, உரிய பணத்தைக் கேட்டு, தராவிட்டால் நடந்ததை எழுதுவேன் என்பது அவர் உரிமை. எரிச்சலாக இருக்கும், ஆனால் உரிமை. பொய்யை எழுதுவேன், ஐம்பது பேரை வைத்து ஒரு ஸ்டார் போட வைப்பேன், அது வேண்டாமென்றால் இரண்டு சேலை இலவசமாக அனுப்பு என்பது மிரட்டிப் பறிப்பது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் மிரட்டிப் பறித்தலுக்கு 308ஆம் பிரிவும், நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்பது உட்பட மிரட்டலுக்கு 351ஆம் பிரிவும் இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை? நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கட்டிய சேலைக்குப் பணம் கேட்பது அநியாயம்தான்; ஆனால் ‘நாறடிச்சிடுவேன்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பணம் கொடுக்காதீர்கள், படத்தோடு பதில் அனுப்புங்கள், ரிவ்யூ வந்தால் ஒரு தடவை பதில் எழுதுங்கள். அவ்வளவு.

ரிவ்யூ போட்டால் அபராதம் என்று நிபந்தனை போடலாமா என்று ஒரு வியாபாரி என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் ஹட்சன் ஊரில் ஒரு விடுதி அதைச் செய்தது. கல்யாண விருந்தினர் யாராவது மோசமான ரிவ்யூ போட்டால், ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் மணமக்கள் கட்டிய பணத்தில் பிடிக்கப்படும் என்று. 2014இல் அது செய்தியானது. அந்த ஊருக்கே போகாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஒரு ஸ்டார் போட்டார்கள். விளையாட்டாகத்தான் எழுதி வைத்தோம் என்று விடுதிக்காரர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 2016இல் இப்படிப்பட்ட நிபந்தனைகளையே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது.

கும்பலாக வருவது தனி விஷயம். அதில் நியாயம், தர்க்கம் எல்லாம் பிறகுதான். 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் நிறுவனத் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியது. கோபம் கொண்ட நம் மக்கள், அதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஸ்னாப்டீல் என்ற ஆன்லைன் கடையின் செயலியைப் போனிலிருந்து அழித்து, ஒரு ஸ்டாரும் போட்டார்கள். பெயரில் பாதி ஒன்றாக இருந்ததைத் தவிர ஸ்னாப்டீல் செய்த பாவம் எதுவும் இல்லை. இந்த மாதிரி அலையை விளக்கம் சொல்லி நிறுத்த முடியாது. ஒரே அறிக்கை, அதைப் பின் செய்வது, சில நாள் கமென்ட்டைக் கட்டுப்படுத்துவது, பிறகு காத்திருப்பது.

கும்பலின் கோபத்தில் நியாயம் இருந்தால் வேறு வழி. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சொமேட்டோவில் வாங்கிய உணவில் ஒரு அயிட்டம் வரவில்லை. பணம் திரும்பக் கேட்டபோது, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று உதவி மைய ஊழியர் சாட்டில் எழுதினார். அரசமைப்பில் அப்படி ஒரு தேசிய மொழியே இல்லை என்பது நம் ஊரில் பள்ளிப் பையனுக்கும் தெரியும். மறுநாள் நாடு முழுக்க ஹேஷ்டேக். நிறுவனம் தமிழிலும் மன்னிப்பு வெளியிட்டது; கோவையில் தமிழுக்கான உதவி மையம் அமைப்பதாகச் சொன்னது. அதுவரை சரி. பிறகு, வேலையை விட்டு நீக்கியதாக அறிவித்த அந்த ஊழியரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக நிறுவனர் சொன்னார். அதுவும் நியாயம்தான் என்பேன். கீழ்மட்ட ஊழியரைப் பலி கொடுத்துத் தப்பிப்பது அசிங்கம். ஆனால் கூடவே, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் அதிகம் வேண்டும் என்று ஒரு உபதேசத்தையும் சேர்த்தார். அடங்கப் போன தீ மறுபடி பிடித்தது. மன்னிப்புக் கேட்கும் நாளில் அடுத்தவருக்குப் புத்தி சொல்லக் கூடாது. உங்கள் அளவிலும் இது பொருந்தும். “தவறு எங்களுடையது, ஆனால் நீங்களும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கலாம்” என்ற வாக்கியத்தில் இரண்டாம் பாதியை வெட்டிவிடுங்கள்.

போலீஸ். வெறும் வசைக்குப் போகாதீர்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. ‘மனம் புண்படும்படி எழுதினார்’ என்பது மட்டும் குற்றம் ஆகாது. ஆபாசமாக எழுதுவது, படத்தை மார்ஃப் செய்வது, பின்தொடர்ந்து தொல்லை தருவது, உங்கள் பெயரில் போலிக் கணக்கு, கொலை மிரட்டல் இவற்றுக்கு உடனே போங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பண மோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். போவதற்கு முன் ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள். கமென்ட் மட்டும் தெரியும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன் ரெக்கார்டிங். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் (பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு) கேட்பார்கள், ஆகவே எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் பிளாக், ரிப்போர்ட் எல்லாம். வரிசையை மாற்றினால் ஆதாரம் போய்விடும்.

கூகுளில் பொய் ரிவ்யூ வந்தால், ‘இது பொய்’ என்று புகார் செய்தால் பெரும்பாலும் நடக்காது. யார் சொல்வது உண்மை என்ற பஞ்சாயத்துக்குக் கூகுள் வருவதில்லை. போலிக் கணக்கு, போட்டிக் கடைக்காரர், சம்பந்தமில்லாத பேச்சு, ஆபாசம், மிரட்டல் என்று அவர்கள் விதியில் எந்தத் தலைப்பில் அது விழுகிறதோ அதைச் சொல்லிப் புகார் செய்யுங்கள். பதிலுக்குச் சொந்தக்காரர்களை வைத்து ஐந்து ஸ்டார் போட வைக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒரே நாளில், ஒரே ஊரிலிருந்து, ‘சூப்பர் சேலை’ என்று பதினைந்து பேர் எழுதினால் படிப்பவர் சிரிப்பார். அதற்குப் பதில் பார்சலில் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள், சேலை பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று. திருப்தியாக இருப்பவர்கள் கேட்காமல் எழுதமாட்டார்கள். அதனால்தான் கோபக்காரர்கள் மட்டும் இருப்பது போலத் தெரிகிறது.

நாத்தனார்தான் கமென்ட், மெசேஜ் எல்லாம் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், இரவு பன்னிரண்டு மணி வரைக்கும். இதை நான் அந்த ரிவ்யூக்களை விடப் பெரிய பிரச்சினையாகப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் தொல்லையிலிருந்து ஊழியர்களைக் காப்பதற்கென்றே டோக்கியோ மாநகரம் 2024 அக்டோபரில் ஒரு சட்டம் நிறைவேற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளரைக் கடவுளுக்குச் சமமாக வைத்த ஊர் அது. தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனால் ‘இது உன் வேலையின் பகுதி இல்லை’ என்று ஊழியரிடம் அரசே சொல்லிவிட்டது. நாத்தனாரிடம் அதை நீங்கள் சொல்ல வேண்டும். ஆபாசமாக ஒரு சொல் வந்தால் பதில் சொல்லாமல் மூடிவிடலாம், ஆர்டர் போனாலும் பரவாயில்லை என்று. இரவு எட்டு மணிக்கு மேல் பதில் இல்லை என்று பயோவில் எழுதுங்கள். திட்டுக்கான பதிலை வந்த உடனே எழுதாமல் மறுநாள் காலை எழுதுங்கள், எழுதியதை மற்றவர் ஒரு தடவை படித்த பிறகு போடுங்கள். மனநிலை கெட்டால் யாரும் வம்பாக எழுதுவார்கள் என்ற அந்த 2017 ஆய்வு விற்பவருக்கும் பொருந்தும்.

கமென்ட்டை மூடுவது பற்றிக் கேட்டீர்கள். நிரந்தரமாக மூடாதீர்கள், கமென்ட் இல்லாத சேலைக் கடையைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். ரீல் பெரிதாக ஓடி, முன்பின் தெரியாத கூட்டத்திடம் போய்விட்ட இந்தச் சமயத்தில் மட்டும், உங்களைப் பின்தொடர்பவர்களே எழுத முடியும் என்று ஒரு வாரத்துக்கு மாற்றி வையுங்கள். அதற்குள் மீம் பேஜுக்கு வேறு ஆள் கிடைத்திருப்பார். பிறகு திறந்துவிடுங்கள். ஏற்கெனவே வந்த வசைகளில் ஆபாசமானவற்றை மட்டும் அழியுங்கள். ‘கலர் வேற மாதிரி இருக்கு’, ‘பதினெட்டு நாள் ஆச்சு பார்சல் வரல’ என்பதையெல்லாம் அழிக்காமல், கீழே உங்கள் பதிலோடு அப்படியே விடுங்கள். அந்தப் பதினெட்டு நாள் பார்சல் எங்கே இருக்கிறது என்று முதலில் கூரியரைக் கேளுங்கள்.